வலது காது எனக்கு, இடது காது அவளுக்கு

மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாது. மாமல்லபுரத்தில் நான் ஏறுவேன். திருக்கழுக்குன்றத்தில் அவள் ஏறி என் வலது பக்கம் உட்காருவாள். இருவரும் ஒரே லைனில் டிரெய்னி. வருடக் கடைசியில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

பேச்சுக்குப் பதிலாக ஒரு கதை இருந்தது. எங்கள் இங்கிலீஷ் தேறட்டும் என்று அவள் அண்ணன் எம்பி3 பிளேயரில் ஏற்றிக் கொடுத்த ஆடியோ புத்தகம். மதில் சூழ்ந்த ஓர் ஊர். பிடித்து வரப்பட்டவர்கள் அங்கே விளையாடியே ஆகவேண்டும். ஜெயித்தால் அடுத்த கட்டம், தோற்றால் மதிலுக்கு வெளியே. வெளியே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இயர்போன் ஒன்றுதான், ஆளுக்கொரு காது. பதிவு செய்த புண்ணியவான் ஆணையிடும் குரலை வலப்பக்கமும் ஆட்டக்காரியின் குரலை இடப்பக்கமும் பிரித்து வைத்திருந்தான். எனக்கு வாய்த்தது வலது. ஓடு, தாண்டு, நில். ஃபேக்டரியிலும் அதிகாரம், பஸ்ஸிலும் அதிகாரம். பதிலை அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

"இன்னா சொல்றா?"

"ஜெயிச்சே தீருவேன்றா. நீ கம்முனு கேளு."

அந்த வீறாப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. அவள் கை என் கையைவிட வேகம். அதனால் பொறாமை வேறு. என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவளுக்கும் தெரியும். செங்கல்பட்டு ஏரி வரும்போதெல்லாம், "இங்கியே எறங்கிட்லாமாடி?" என்பாள். நான் சிரிப்பேன்.

கடைசி மாதம் அந்த வேகக்காரியின் கை தடுமாறியது. பழுதான பீஸ்களைப் போடும் அவளுடைய ரிஜெக்ட் டப்பா நிறைந்தது. நிரந்தரம் எனக்குக் கிடைத்தது. கடைசி நாள் வீடு திரும்பும்போது, அவள் ஊர் வந்ததும் பிளேயரை என் மடியில் வைத்து, "எனக்கு இன்னாத்துக்கு இனிமே. நீயே கேளு" என்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பக்கத்து சீட் காலி. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். ஒவ்வோர் ஆணைக்கும் இடது காதில் அந்த ஆட்டக்காரி, என்னை வெளியே விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஜெயிப்பேன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னை உசுப்பிவிட்டு உள்ளே தள்ளி, தான் மட்டும் வெளியே போய்விட்டாளே. பிறகு அழுகை வந்தது. ஜன்னலில் ஏரி வந்தது. இறங்கிவிடவேண்டும் போலிருந்தது. வீட்டை நினைத்தேன்.

அடுத்த கட்டத்துக்கு வா என்றது வலது காது. கேட்டில் இறங்கி, புது அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.