இரண்டாம் சொட்டு

முட்டை எடுப்பது மனைவியின் வேலை. கணவரின் விரலுக்கு அந்த நிதானம் கிடையாது. கோரிடோராஸ் என்ற மீன், தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும் முட்டை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பசை போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் விட்டால் மேல்தோல் இறுகும். பிறகு விரல் நுனியால் மெல்ல உருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரலிலேயே ஏறிவரும். சற்று அழுத்தினால் போச்சு. அவருடையது மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கச் சக்கரத்தில் லென்ஸ் தேய்க்கிற கை. அழுத்தித்தான் பழக்கம்.

தெருவில் அவரை லென்ஸ்காரர் என்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோனபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மந்திரித்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. அவர் அதை வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு, மனைவியை டயாலிசிஸ் நிலையத்தில் சேர்த்தார். வாரத்தில் மூன்று நாள் அங்கே கட்டில். மீதி நாட்களில் வீட்டில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே என்று ஒரு தொட்டியும் ஆறு மீன்களும் வாங்கினார். மீசையும் கவசமுமாகத் தரையைத் துழாவிக்கொண்டிருக்கும் சின்ன மீன்கள். அவ்வப்போது கண்ணை உருட்டும்.

"என்னங்க, உங்க மீன் என்னைப் பாத்துக் கண்ணடிக்குது."

"அதுக்காவது தைரியம் இருக்கே."

ஆறு மீன்கள் முப்பதாயின. அறையில் நான்கு தொட்டிகள் வந்தன. குஞ்சுகளை மீன் கடைக்காரர் எடுத்துக்கொண்டு பதிலுக்கு மீன் தீனி கொடுப்பார். மனைவியின் தம்பி வரும்போதெல்லாம் வாசலிலேயே குரல் கொடுப்பான்: "அக்கா, மாமா பிரசவ வார்டுல இருக்காரா, கடையில இருக்காரா?"

முட்டையிட வைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வாரம் உயிர்ப்புழு போட்டுக் கொழுக்கவிட வேண்டும். பெண் மீன் வயிறு பெருத்துவிட்டால் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுக் குளிர்ந்த புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மழை வந்துவிட்டதென்று மீன் ஏமாறும். மறுநாள் காலையில் ஆண்கள் துரத்த, பெண் மீன் ஓர் ஆணின் வயிற்றில் வாயை வைத்துக் குறுக்காக நிற்கும். அடித்துடுப்புகளைக் கைகுவித்தாற்போல் சேர்த்து, அதில் நாலைந்து முட்டைகளை ஏந்திப்போய்க் கண்ணாடியில் ஒட்டும். ஒட்டிய கையோடு மறந்தும்விடும்; எதிரே பட்டால் தின்றுவிடும். அதற்குள் மனைவி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவார். காற்றுக் குழாய், பூஞ்சை பிடிக்காமலிருக்க நீல மருந்து ஒரு சொட்டு, அவ்வளவுதான். கரு இல்லாத முட்டை வெள்ளையாகப் போகும். அதைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எறியாவிட்டால் பக்கத்து முட்டையும் கெடும். நல்ல முட்டை பழுப்பேறும். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கண்ணும் ஒரு துடிப்பும் தெரியும். நான்காம் நாள் வாலை உதறிக்கொண்டு வெளியே வரும்.

புதுத் தண்ணீர் என்றால், குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தது. குளோரின் காற்றோடு போய்விடும். மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். லென்ஸ்காரர் அதற்குமேலும் சோதித்துப் பார்ப்பார். சோதனைப் பெட்டியில் இரண்டு புட்டிகள். முதல் புட்டியிலிருந்து சொட்டு விட்டுத் தண்ணீர் இளஞ்சிவப்பானால் குளோரின் இருக்கிறது. நிறம் வராவிட்டால் ஊற்றலாம். இரண்டாவது புட்டியை அவர் திறந்ததே இல்லை. முதல் சொட்டிலேயே சுத்தம் என்று தெரிந்தபின் இரண்டாவது எதற்கு?

ஒரு மாதமாகத் தொட்டிகளில் ஏதோ சரியில்லை. புதுத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் முட்டைக்குப் பதிலாக மீன்கள் மேலே ஏறி ஏறிக் காற்றைக் குடித்தன. அந்த இனம் எப்போதாவது மேலே போய் ஒரு வாய்க் காற்று வாங்கும். இது நிமிடத்துக்கு ஒருதரம். வந்த கொஞ்சம் முட்டைகளிலிருந்து பொரித்த குஞ்சுகளும் அன்றே செத்தன. லென்ஸ்காரர் புழுவைக் குற்றம் சொன்னார். வடிகட்டியைக் கழுவினார். இன்னும் நல்ல தண்ணீராக இருக்கட்டும் என்று இன்னும் நிறைய மாற்றினார். இன்னும் நிறையச் செத்தன.

அதே மாதம் மனைவியின் ரத்தமும் இறங்கியது. பத்தில் இருந்த ஹீமோகுளோபின் அளவு எட்டுக்கு வந்தது, பிறகு ஆறுக்கு. தொட்டியின் மேல்விளிம்புவரை கையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. நிலையத்து டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்ல. மாத்திரையும் ஒழுங்கா போடுறதில்ல. நாங்க என்ன பண்ண முடியும்?"

வீட்டுக்கு வந்ததும் லென்ஸ்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். "இரும்பு மாத்திரை போட்டியா இல்லையா? உண்மையச் சொல்லு."

"போட்டேங்க."

"போட்டா ஏன் இறங்குது?"

"அத என்கிட்ட கேட்டா? என் ரத்தம் எங்கிட்ட சொல்லிட்டா இறங்குது?"

அவர் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. எண்ணியதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸ் நிலையத்தில் மனைவிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அந்த மாதம் அவர் இறந்துபோனார். வயசு என்றார்கள். எழுபதைத் தாண்டிவிட்டால் ஏன் செத்தார் என்று யாரும் கேட்பதில்லை. காரணம் பிறந்த தேதியிலேயே எழுதியிருப்பதாக நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நிறைய முட்டையிட்டுக்கொண்டிருந்த பெரிய பெண் மீன் மல்லாந்து கிடந்தது. லென்ஸ்காரர் அதைத் தட்டில் வைத்துச் செவுளைத் தூக்கி, உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு பார்த்தார். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். காய்ந்த தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது. மீன் நோய்களைப் பற்றி ஒரு பழைய புத்தகம் வைத்திருந்தார். செவுள் பழுப்பானால் தண்ணீரில் இருக்கும் ஏதோவொன்று ரத்தத்துக்குள் புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது, சுற்றிலும் காற்றிருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகும் என்று அதில் போட்டிருந்தது.

மைத்துனன் அப்போதுதான் உள்ளே வந்தான். அவன் குடிநீர் நிலையத்தில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன்.

"என்ன மாமா, போஸ்ட்மார்ட்டமா?"

"தண்ணியில என்னமோ இருக்குடா."

"தண்ணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முன்னைக்கு இப்ப வாசனைகூட வரல. மருந்தை மாத்திட்டாங்கல்ல?"

லென்ஸ்காரர் தலையைத் தூக்கினார். "என்ன மருந்து?"

"வெறும் குளோரின் இல்ல இப்ப. அம்மோனியாவும் சேத்துப் போடுறோம். குளோராமின். குழாயில ரொம்ப தூரம் தாங்கும், பறந்து போகாது. அஞ்சு வாரமாச்சு."

"அஞ்சு வாரமா? ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"குடிச்சா ஒண்ணும் ஆகாது மாமா! வெளிய சொன்னா ஜனங்க பயப்படுவாங்கன்னு மேல உத்தரவு. உங்க மீனுக்காக ஊர்க்கூட்டம் போடச் சொல்றீங்களா?"

குடித்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். வயிறு அதைச் சமாளித்துவிடும். செவுளுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே அங்கே ஒரு மெல்லிய தோல்தான்.

லென்ஸ்காரர் பீப்பாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்தார். முதல் சொட்டு. நிறமில்லை. வேறொன்றோடு சேர்ந்திருக்கும் குளோரினைக் காட்டும் இரண்டாவது புட்டியின் மூடியைத் திருகி உடைத்துச் சொட்டு விட்டார். தண்ணீர் அடர்ந்த இளஞ்சிவப்பானது. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த தண்ணீர். தன் கையால் வாரத்துக்கு ஒருமுறை, நல்லது செய்வதாக நினைத்து ஊற்றிய தண்ணீர்.

கட்டிலிலிருந்து மனைவி கேட்டார்: "என்னங்க, முகம் ஏன் இப்படிப் போச்சு? மீன்தானே?"

அவர் சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே போனார். டயாலிசிஸ் இயந்திரத்தில் ஒருமுறை படுத்தால் இதே ஊர்க் குழாயிலிருந்து வடித்த நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. இந்தப் பக்கம் ரத்தம். சேர்ந்த புதிதில் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டது.

"உன் மாத்திரை அட்டைய எண்ணினேன்ல," என்றார் கடைசியில். "என்னை மன்னிச்சிரும்மா."

திங்கட்கிழமை காலை நிலையத்தில், சுத்திகரித்த தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஒரு குப்பி பிடித்துத்தரச் சொன்னார். இயந்திரம் பார்க்கும் டெக்னீஷியன் சிரித்தான்.

"தினமும் செக் பண்றோம் சார்." சோதனைத் தாள் ஒன்றை நனைத்துக் காட்டினான். நிறமில்லை. "பாருங்க, குளோரின் சுத்தமா இல்ல."

"இந்தத் தாள் காட்டுறது முதல் சொட்டு மட்டும்தான். நானும் மூணு வருஷம் இத மட்டும்தான் பாத்தேன், தம்பி." அவர் பையிலிருந்த புட்டிகளை எடுத்து இரண்டு சொட்டுகளும் விட்டார். குப்பி சிவந்தது. தண்ணீரிலிருக்கும் குளோரினை உறிஞ்சி வடிக்கும் கரித்தொட்டி, பழைய மருந்துக்குப் போட்ட அளவிலேயே இருந்தது. புது மருந்தை அதனால் பிடித்துவைக்க முடியவில்லை.

டாக்டர் வந்தார். குப்பியைப் பார்த்தார். பிறகு லென்ஸ்காரரைப் பார்த்தார்.

"மீன் தொட்டிக்கு வாங்கின மருந்த வெச்சு எங்க மிஷினை டெஸ்ட் பண்றீங்களா?"

"தண்ணிக்கு அது யாரு வீட்டுக் குழாய்னு தெரியாதுங்க. கரியை மாத்துங்க."

"உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு மிஷின்ல ஏத்தலேன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

தெரியும். அதுதான் அந்த டாக்டரின் பலம். ஏற்றினால் ரத்தம் கெடும். ஏற்றாவிட்டால் சில நாட்களில் உடம்பே நஞ்சாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நோயாளியை நிறுத்திவிட்டு, தேர்ந்தெடுத்துக்கொள் என்பதற்குப் பெயர் உரிமையாம்.

மனைவி கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். ஏழு கட்டில்களுக்கும் கேட்கும்படி பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"எல்லாரும் கேளுங்க. ஒரு மாசமா யார் யாருக்கு ரத்தம் இறங்கிருக்கு?"

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஓட்டுநர் ஒருவர் கையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர். ஏழு பேரில் ஆறு பேர்.

"உங்களையும் கண்டதைத் தின்னீங்கன்னு திட்டினாங்களா?"

"என் பொண்டாட்டியையும் சேத்துத் திட்டினாங்க," என்றார் ஓட்டுநர். "உப்பைக் குறைச்சுக் குறைச்சு, சோத்துக்கும் வைக்கோலுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு."

"கரியை மாத்தறவரைக்கும் நான் ஊசிக்குக் கையை நீட்டமாட்டேன். டீச்சரம்மாவுக்கு வயசுன்னு சொன்னீங்க. எனக்கு நாப்பத்தெட்டு. எனக்கு என்ன சொல்லுவீங்க?"

ஆறு பேரும் ஊசிக்குக் கையை நீட்டவில்லை. ஏழாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்றுவரை, கால் வீங்கி மூச்சு முட்டும் நோயாளிகள் உட்கார்ந்தே இருந்தார்கள். மூன்று மணிக்குப் புதுக் கரித்தொட்டிகள் இரண்டு வந்து இறங்கின. வழக்கமான பராமரிப்பு என்றார் டாக்டர். லென்ஸ்காரர் குப்பியைப் பிடித்தார். இரண்டாம் சொட்டுக்கும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பிறகுதான் மனைவி படுத்தார்.

வியாழக்கிழமை டயாலிசிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. உங்கள் நேரம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. காரணம் கேட்டதற்கு இடநெருக்கடி என்றார்கள். குடிநீர் நிலையத்துக்கு லென்ஸ்காரர் எழுதிய கடிதத்துக்கு, தண்ணீர் குடிக்க உகந்தது என்று பதில் வந்தது. குடிப்பதைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. மைத்துனன் ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனான்.

வேறு நிலையம் ஊரின் மறுகோடியில் கிடைத்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் நாள் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, ஊசிக்காக சட்டையின் இடக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார். தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றார் லென்ஸ்காரர். இங்கிருந்த டெக்னீஷியன் நல்ல பெண். முகம் சுளிக்கவில்லை.

"தாராளமா பாருங்கய்யா. தினமும் காலைல நானே பாக்குறேன்."

இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக் குழாயில் நனைத்தாள். அதே தாள். நிறமில்லை.

"இது பாதிதாம்மா," என்றார் லென்ஸ்காரர். "ரெண்டாவதா ஒண்ணு இருக்கு. அது உங்ககிட்ட இருக்கா?"

"எங்களுக்குக் குடுத்தது இதுதான்யா. எல்லா இடத்துலயும் இதுதான்."

லென்ஸ்காரர் பையிலிருந்து தன் இரண்டாவது புட்டியை எடுத்தார். கூடத்தில் பதினொரு கட்டில்கள். பதினொன்றிலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, மடித்துவிட்ட சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டார்.