குறி போடாத இடம்

எங்கள் பழைய காரின் இடப்பக்க முன் சீட், என் மனைவி கடைசியாக நகர்த்தி உட்கார்ந்த இடத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. அவள் இறந்த மறுவருஷம், 2005இல், துரு தரைத் தகட்டையும் தின்னத் தொடங்கியதால், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சீட் முன்னும் பின்னும் நகரும் பழைய ரெயில் ஒரு ஜோடி வாங்கினேன்.

"கழட்றதுக்கு முன்னாடி மார்க் பண்ணிக்க சார், இல்லாட்டி பேஜாராப் பூடும்" என்றார் கடைக்காரர்.

எனக்கா பாடம்? இத்தனை வருஷமும் என் காரை நானேதான் கழற்றி மாட்டுகிறேன். தாம்பரத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் சாக்பீஸால் எண் போட்டேன். துருவேறிய பழைய ரெயில் கழற்றும்போதே நொறுங்கிப்போனது; வாங்கி வந்தது கச்சிதமாகப் பொருந்தியது. சீட் தொட்டதும் ஓடியது.

முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். நிறுத்துவதற்கு ஒன்பது பள்ளங்கள். அவள் எந்தப் பள்ளத்தில் நிறுத்தியிருந்தாள் என்று மட்டும், முட்டாள், நான் குறி போடவே இல்லை.