மிக்கேல் சம்மனசுக்குக் கொடுத்த வாள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீன் குழம்பு கொதிக்கிற வாசத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோவில் ருஷ்யாக்காரி ஒருத்தி வந்தாள். தலை நரைத்த பெண். அவள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வாளை முகத்துக்கு நேரே உயர்த்தி வணக்கம் வைக்கிறார்கள். வாள்வீச்சை விட்டு எத்தனையோ வருடமாகியும் அந்த மரியாதை. ஆளை அடையாளம் கண்டதும் என் பசி போய்விட்டது.

அந்த முகம் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் வெகுகாலம் இருந்தது. பத்திரிகையில் வெட்டிச் சோற்றால் ஒட்டியவள் என் தங்கச்சி ஸ்டெல்லா. சோற்றுக்கு வந்த கரப்பான் ஒரு காதையும் தின்றுவிட்டது. முதலில் தோற்று அழுதது, பிறகு தங்கம், கல்யாணம், பிள்ளை, மறுபடியும் தங்கம் என்று அந்தக் கதையை ஸ்டெல்லா ஜெபமாலை மாதிரிச் சொல்லுவாள்.

"பிள்ளையப் பெத்துட்டு வந்தும் செயிச்சிருக்கா, கேட்டியாண்ணே?"

"மொதல்ல நீ மீன வெட்டுட்டி" என்பேன்.

ஸ்டெல்லாவும் பள்ளிக்கூடத்தில் வாள் பிடித்தவள்தான். பி.டி. டீச்சர் யாரிடமோ கெஞ்சி அவளுக்கென்று ஒரு வாள் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் அப்போது ஐஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அப்பாவைக் கடல் கொண்டுபோன வீடு எங்களுடையது. எதற்கெடுத்தாலும் நேர்ச்சைதான். எங்கள் கோயிலில் பேயை மிதித்து நிற்கிற தேவதூதர், மிக்கேல் சம்மனசின் மரவாள் உப்புக்காற்றில் உளுத்து விழுந்து, அவர் வெறுங்கையோடு நின்றார். மாவட்டப் போட்டியில் தங்கச்சி ஜெயித்தால் உமக்கு ஒரு வாள் என்று நேர்ந்தேன்.

ஜெயித்தாள். கொல்லனிடம் செய்யத்தான் நினைத்தேன். அப்புறம் புத்தி போன போக்கைப் பாருங்கள், ஜெயித்த வாளையே கொடுத்தால்தானே நேர்ச்சை? அவள் குளிக்கப் போன நேரம் எடுத்துப்போய், ஏணியில் ஏறிச் சம்மனசின் கையில் கம்பியால் கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வேறு இருக்கும் என்ற நினைப்பு. அங்கே இருந்த ஒன்றும் உடைந்து கிடந்தது. நாலாம் நாள் சென்னையில் மாநிலத் தேர்வு.

"ஒனக்குப் பைத்தியமாண்ணே? சம்மனசு யாருகூட மல்லுக்கு நிக்கப் போறாரு? நான்லா நிக்கணும்!" என்று கத்தினாள். என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூசை வைக்கிற சாமியார் கேட்டுச் சிரித்தார்.

"கொண்டு போ மக்கா. போட்டி முடிஞ்சு வந்து வச்சாப் போதும். சம்மனசு கோவிக்க மாட்டாரு."

பாதி ஏணி ஏறினேன். கை நீளவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்து, வீட்டில் இன்னொரு சாவு விழுந்தால்? இறங்கிவிட்டேன். அவளே ஏற ஏணியில் கால் வைத்தபோது பிடித்து இழுத்தவனும் நான்தான்.

"அண்ணே, இந்த ஒருக்கா மட்டும்" என்றாள். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

சென்னைக்கு மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள். ஸ்டெல்லா மறுவருடம் இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போனாள். பிறகு குவைத்தில் வீட்டு வேலை.

இன்றும் தினம் ஜெபமாலை சொல்கிறேன். ஆனால் அன்று என்னை இறக்கியது விசுவாசமல்ல, பயம். அந்தச் சாமியார் இப்போது இல்லை. கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். சம்மனசும் புதியவர், பைபர் வாளோடு நிற்கிறார். பழைய வாள் எங்கே என்று மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டேன்.

"அது அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சுண்ணே."

ஒரு மீன் துண்டுக்காக என் சட்டையைக் கிழித்தவள் ஸ்டெல்லா. அன்று ஏணியடியில் கெஞ்சிய பிறகு என்னோடு ஒரு சண்டை போட்டதில்லை. மாப்பிள்ளை பார்த்தேன், சரியண்ணே என்றாள். அப்பாவின் வீட்டை விற்கலாமா என்றேன், அதற்கும் சரியண்ணே.