சாயத்துக்குள் போன கை

ஒன்பது நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வாரப் பத்தியில் கல்யாண மண்டபங்களைக் கிண்டல் செய்து எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்... இப்போது எனக்குக் கிண்டல் வராது.

மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். முகூர்த்தப் புடவைக்கு அரக்குக் கலர் என்று முடிவானது. "எந்த அரக்கு? கடைக்காரர் சொல்றதை நம்பாதீங்க, நேர்ல பார்த்துட்டு வாங்க" என்று மனைவி விரட்டினாள். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஏகாம்பரத்தின் வீட்டுக்கே போய் நின்றேன்.

ஏகாம்பரத்துக்கு முப்பது வயது இருக்கும். மனைவி கற்பகம். ஒரே குழந்தை திவ்யா. இரண்டு வயது. வீட்டின் பின்கட்டுதான் சாயப்பட்டறை. விறகடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு சாம்பிள் காட்டுவதற்காக ஒரு குண்டானில் கொஞ்சம் சாயத்தை மொண்டு தரையில் வைத்தார் ஏகாம்பரம். ஒரு பிடி நூலை முக்கி எடுத்தார்.

"வெளிய வாங்க சார். சாயத்த வெயில்லதான் பாக்கணும். நிழல்ல ஏமாத்திடும்."

முற்றத்துக்குப் போனோம். அவர் ஈர நூலை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னவோ பரம்பரை பரம்பரையாகச் சாயம் போட்டவன் மாதிரி, "இன்னும் கொஞ்சம் அழுத்தமா வரணும்பா" என்றேன். அவர் முதுகும் என் முதுகும் பட்டறையைப் பார்த்து இருந்தன.

அப்போதுதான் அந்த அலறல்.

குண்டானில் திவ்யா கையை விட்டிருந்தாள். வலது கை. விரலிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைக்குப் பாதி தூரம் வரைக்கும்.

கற்பகம் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சரியான காரியம். படிக்காமலே, யாரும் சொல்லாமலே, அந்தப் பெண்ணுக்குச் சரியான காரியம் தோன்றியிருந்தது.

"ஊத்தாத! ஊத்தாத கற்பகம்!" என்று ஏகாம்பரம் குறுக்கே பாய்ந்து தடுத்தார். "சூட்டோட பச்சத் தண்ணி படக் கூடாது. தானா ஆறட்டும்!"

ஏன் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாயத்திலிருந்து எடுத்த பட்டை அவர் சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரில் போடமாட்டார். நூல் முறுக்கிக்கொள்ளும், மினுமினுப்பு போய்விடும் என்பார். ஆறவிட்டுத்தான் அலசுவார். பதினைந்து வருஷமாகக் கையில் ஊறிய பாடம். பதறிப்போன மனுஷனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அதுதான். பெற்ற மகளின் தோலைப் பட்டு மாதிரியே பத்திரமாகப் பார்த்துக்கொண்டார், பாவம்.

சரி, அவர் சாயக்காரர். ஊருக்கெல்லாம் வாரா வாரம் உபதேசம் எழுதுகிற நான் என்ன செய்தேன்?

"டூத்பேஸ்ட் இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

கேட்டதோடு நிற்கவில்லை. மாடத்திலிருந்த ட்யூபை எடுத்து, என் கையாலேயே பிதுக்கி, அந்தப் பிஞ்சுக் கை முழுக்கப் பூசினேன். ஜில்லென்று இருக்குமாம்! யார் சொன்னது? எங்கே படித்தேன்? இன்றுவரைக்கும் தெரியவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகள் பிரிவில் ஒரு பெண் டாக்டர். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பேஸ்ட் போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் மேடம்" என்றார் ஏகாம்பரம்.

வீட்டுக்கு வந்த பெரிய மனுஷனைத் தலைகுனிய விடக் கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை. அந்தப் பெரிய மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? பேசாமல் நின்றான். டாக்டர் ஏகாம்பரத்தைத் திட்டினார். "குழாயைத் திறந்து விட்டு, சாதாரணத் தண்ணில இருபது நிமிஷம் கையைக் காட்டியிருந்தா பாதிச் சூடு உள்ள இறங்கியே இருக்காது. ஐஸ் வேணாம், இங்க் வேணாம், மஞ்சள் வேணாம். தண்ணி. வெறும் தண்ணி! அப்புறம் சுத்தமான துணியைச் சுத்தித் தூக்கிட்டு வரணும். இதுகூடத் தெரியாதா?" அத்தனையும் எனக்கு விழவேண்டிய திட்டு.

பேஸ்டைத் துடைத்து எடுத்தார்கள். குழந்தை துடித்தாள். அதன் பிறகு வந்தது அடுத்த சங்கடம். பேஸ்ட் போய்விட்டது, சாயம் போகவில்லை.

"தோல் சிவந்திருக்கா, வெளுத்திருக்கான்னு பார்த்துத்தான் காயம் எவ்வளவு ஆழம்னு சொல்லுவோம். இங்க கை முழுக்க அரக்கா இருக்கு. நான் எதைப் பார்க்கிறது?" என்றார் டாக்டர்.

என் மகள் புடவைக்காக நான் அழுத்தமாகக் கேட்ட அதே நிறம்.

பார்க்க முடியாததால் தொட்டுப் பார்த்தார்கள். வலிக்கு மருந்து கொடுத்து, குழந்தை கொஞ்சம் அசந்திருக்கும்போது, ஒரு ஊசி முனையால் ஒவ்வொரு விரலாக லேசாகத் தொட்டுப் பார்த்தார் டாக்டர். கட்டை விரல்: வீல் என்றாள். ஆள்காட்டி விரல், நடு விரல்: கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஒன்றுமே இல்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பரவால்ல மேடம், அங்க வலிக்கல போலருக்குது" என்றாள் கற்பகம், கொஞ்சம் நிம்மதியாக.

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "வலிச்சாத்தாம்மா நல்லது. வலிக்கலைன்னா ஆழமா இறங்கியிருக்குன்னு அர்த்தம். குழந்தைத் தோல் ரொம்ப மெல்லிசு. நம்ம கை தாங்குற சூடு அது தாங்காது. முதல் நாளே முடிவு சொல்ல முடியாது. திரும்பத் திரும்பப் பார்ப்போம். உணர்ச்சி வரலைன்னா வேற இடத்துலேருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டியிருக்கும். விரல் மடங்கி ஒட்டிக்காம இருக்கணும், அதான் முக்கியம்."

"பேனா புடிப்பாளா மேடம்?" என்றார் ஏகாம்பரம். அதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். விரல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டுப் போட்டு, கையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வார்டில் ஏழு கட்டில். உங்களுக்கு என்ன தோன்றும்? பட்டாசு, ஸ்டவ் வெடித்தது, வீடு பற்றிக்கொண்டது... நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் — ரசம். குளிக்க வைத்த வெந்நீர். டீ. சோறு வடித்த கஞ்சி. இன்னொரு வெந்நீர். பால். ஏழாவது, நம் திவ்யா. மற்ற ஆறு அம்மாக்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்: "ஒரு நிமிஷம்தான் சார் திரும்பனேன்..."

யாரைக் குறை சொல்ல? நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். கொதிக்கிற பாத்திரத்தையும் தரையில்தான் இறக்குகிறோம். தரையில் இருப்பதெல்லாம் தனக்கு வைத்தது என்றுதானே இரண்டு வயதுக் குழந்தை நினைக்கும்? ரசத்தை மேடையில் வையுங்கள், உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள், அதற்கப்புறம் வெந்நீர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டீ குடிக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேஸ்ட் போட்டது நான். மூன்றாம் நாள் டாக்டரின் அறைக்குப் போய் ஒப்புக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "எழுதுறவர்தானே சார் நீங்க? எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நேற்றுக் காலை கட்டைப் பிரித்தார்கள். திவ்யா பிஸ்கட் தின்றுகொண்டு ஜன்னலில் காக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காதபோது டாக்டர் மோதிர விரலைத் தொட்டார். பிஸ்கட் கீழே விழுந்தது. வீரிட்டு அழுதாள்! நானும் ஏகாம்பரமும் சிரித்துவிட்டோம். பக்கத்துக் கட்டில்காரம்மா, இதெல்லாம் ஒரு அப்பனா என்கிற மாதிரி முறைத்தாள்.

சுண்டு விரலைத் தொட்டார்கள். அழுகை நின்றிருந்த நேரம். தொட்டதே அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பிஸ்கட்டைத் தேடினாள்.

திங்கட்கிழமை மறுபடி பார்க்கிறார்கள். அதில்தான் முடிவு. இத்தனை வருஷத்தில் உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். உங்கள் சாமி எதுவோ, அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்... திங்கட்கிழமை அந்தக் குழந்தை அழ வேண்டும்.