அரை இஞ்ச் வித்தியாசம்

ஆபரேஷனே வேண்டாமென்று அக்கா டாக்டரை அடிக்கப் போய்விட்டாளாம். அவளுடைய தையல் கடைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் யாரிடமோ சொல்லி, அது சித்தி வழியாகக் கடல் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தபோது நன்றாகப் பெருத்திருந்தது. பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாரையும் அடிக்கலடா. ஸ்கேன் எடுங்க, ஆபரேஷன் பண்ணுங்கன்னுதான் கத்துனேன். பொடிச இப்பதான் உள்ள கொண்டு போனாங்க."

பொடிசு அவள் மகள். பதினோரு மாதம். மூளையில் நீர் தேங்கும் நோய். இரண்டாம் மாதத்திலேயே, நீர் வடிய, தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் மெல்லிய குழாய் வைத்தார்கள். ஷன்ட் என்பார்கள். அதில் கிருமி பிடித்தது. எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். "இதுவும் அடைச்சுக்கலாம், கவனமா பாருங்க" என்று அனுப்பினார்கள். அக்காவுக்குத் தெரிந்த கவனம் இஞ்ச் டேப். கடை திறந்ததும் முதல் அளவு பொடிசின் தலைதான். துணியில் தாராளம் விடுகிறவள், இதில் ஒரு நூல்கூட விடமாட்டாள். அளவு நோட்டில், சட்டைகளுக்கு நடுவே, மகளுக்கென்று தனிப் பக்கம்.

போன வாரம் நாலே நாளில் அரை இஞ்ச் ஏறியது. வாந்தி வேறு. நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அளந்துவிட்டு, "போன மாச அளவேதான்" என்றாள். வயிற்றுக் கோளாறு என்று எழுதினார் இளம் டாக்டர்.

அக்கா விடவில்லை. "சிஸ்டர், முன்னாடி சரி. பின்னாடி டேப் பிடரிக்கு இறங்கிடுச்சு. இப்படி அளந்து தெச்சா கஸ்டமர் என் கடைய இடிச்சிருவான்."

"நீங்க என்ன டாக்டரா?" என்றார் இளம் டாக்டர்.

"டெய்லர். அதனாலதான் சொல்றேன்."

வார்டே சிரித்தது. கூடப் போயிருந்த மாமா, அக்காவின் கணவர், நெளிந்தார். "வாம்மா, படிச்சவங்க சொல்றாங்கல்ல."

"நீங்க வேணா கிளம்புங்க. ஸ்கேன் எடுக்காம இந்தப் பெஞ்ச விட்டு நகர மாட்டேன்."

மடியில் குழந்தை, முட்டியில் விரித்த நோட்டு. இரண்டு மணி நேரம் கழித்து ரவுண்ட்ஸ் வந்த பெரிய சர்ஜன் நோட்டைப் படித்தார், தானே அளந்தார், புடைத்திருந்த உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். உடனே ஸ்கேன். குழாய் அடைத்திருந்தது.

"மறுபடியுமா அக்கா? மூணாவது தடவை..." என்று இழுத்தேன்.

"முப்பதாவதா இருந்தாலும் பண்ணுவோம். அழுறதா இருந்தா போன வை."

ரெண்டு மணி நேரத்தில் முடியும் என்றும், முடிந்ததும் தானே பேசுவதாகவும் சொன்னாள்.

நாலு மணி நேரம் ஆகிவிட்டது. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.