இரண்டு பொட்டலங்கள்

திருத்தணி மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் விஜியின் பூக்கடை. மேகம் இறங்கினால் மேல்படிகள் காணாமல் போய்விடும். ஏறுகிறவர்கள் முதலில் தலை, பிறகு தோள் என்று அந்த வெளுப்புக்குள் கரைவார்கள். விஜி அதைப் பார்த்தபடியே பூ கட்டுவாள். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டிய புருஷன் செத்துப்போன பிறகு, மகள் ஷோபனாவைப் படிக்க வைத்தது இந்தக் கடைதான். விஜியின் வாயும் கொஞ்சம் உதவியது.

சாமியிடம் பூ கேட்பவர்கள் அவளிடம்தான் வருவார்கள். ஒரு இலைத்துண்டில் செவ்வரளி, இன்னொன்றில் நந்தியாவட்டை. ஒன்றுபோல மடித்து, குலுக்கி, வேலுக்கு முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் சரி, வெள்ளை வந்தால் வேண்டாம். ரெண்டிலும் சிவப்பையே வைக்கச் சொன்ன ஒரு மாப்பிள்ளை வீட்டாரை விரட்டியே விட்டாள்.

"முடிவு பண்ணிட்டு வந்து சாமிய எதுக்கு இழுக்கறீங்க?"

இப்போது கேள்வி அவளுக்கே வந்துவிட்டது. அரக்கோணத்து ரயில்வேக்காரர் பரந்தாமன், பெண்டாட்டியை இழந்தவர், கிருத்திகை தவறாமல் மாலை வாங்க வருகிறவர், போன தடவை காசைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "என்னக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டேவிட்டார். அடுத்த கிருத்திகைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

லீவுக்கு வந்திருந்த ஷோபனாவுக்கு முழுச் சம்மதம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. கேட்டதற்குப் பதில் சொல்லும் ஏஐயைப் போனில் திறந்து நீட்டினாள்.

"இதுகிட்ட கேளும்மா. சீக்கிரமே மனுஷங்களவிட நல்லா யோசிக்கப் போவுதாம்."

"செவப்பா வெள்ளையா, ஒண்ண எடு," என்றாள் விஜி.

வெள்ளை என்றது போன். மறுபடி கேட்டாள். வெள்ளை. இன்னொரு தரம். அப்போதும் வெள்ளை.

"இன்னாடி இது, பாடம் ஒப்பிக்குது?"

"கண்ண மூடிகினு எடுக்க அதுக்குத் தெரியாதும்மா. சும்மா ஒண்ணு எடுன்னாலும் உள்ள கணக்குதான் ஓடும்."

"எது வந்தாலும் அதுக்கு ஒண்ணுதானே. எடுக்கும்போது கை நடுங்கணும்டீ. இதுக்குக் கையே இல்ல."

"செவப்பு வரலன்னு கோவமா?"

"சோத்தப் போடு."

கிருத்திகை அன்று தூறல். மேகம் கடைவரைக்கும் வந்து படுத்திருந்தது. மேலே எங்கோ மணி அடித்தது. தண்ணீருக்கடியில் கேட்பது மாதிரி தூரத்தில் ஒரு ரயில் கூவிப் போனது. குடையோடு பரந்தாமன் அந்த வெளுப்புக்குள்ளிருந்து வந்தார்.

"பூ கேட்டுடலாங்க. வெள்ளை வந்துச்சின்னா இனிமே மால மட்டும் வாங்கிகினு போறேன்."

"வள்ளியக் கட்டிக்க இந்தச் சாமி பூவா போட்டுப் பாத்தாரு? அண்ணன யானையா வரவழைச்சாரு."

"எனக்கு அண்ணன் இல்லீங்களே."

விஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலைகளை மடித்தாள். ஊருக்கெல்லாம் மடித்த கை, இன்று நடுங்கியது. பூவை எடுத்ததும் குலுக்கியதும் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. கடையில் சாய்த்து வைத்திருந்த சின்ன வேலுக்கு முன்னால் இரண்டையும் வைத்தாள்.

அவர் ஒன்றைப் பிரித்தார். செவ்வரளி.

அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, விஜி மற்றதைக் கூடைக்குள் உதறினாள். அதிலிருந்தும் செவ்வரளிதான் விழுந்தது. நந்தியாவட்டைக் குவியல் காலையில் தண்ணீர் தெளித்தபடி கலையாமல் கிடந்தது.

பரந்தாமன் குவியலையும் அவளையும் பார்த்தார். "சாமி ரெண்டு தடவ சொல்றாரு போல."

"சாமிய எதுக்கு இழுக்கறீங்க," என்றாள் விஜி. "நான்தான் சொல்றேன். கொடையப் பூ மேல புடிங்க, நனையுது."