மாதாகோயிலை வலம் வந்தோம்

எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டுத் துளைக்கிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஐம்பதுகளின் நடுவில் அது நன்றாக முற்றிப்போயிருந்தது. வேறு வேலை இல்லை. தென்காசியில் எங்கள் பெரிய கோயிலின் ஒவ்வொரு தூணும் எனக்கு மனப்பாடம். அதனால்தான் பக்கத்து வீட்டு வேதக்கார டீச்சர் (கிறிஸ்தவர்களை நாங்கள் வேதக்காரர்கள் என்போம்), மைனியை மாதாகோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டபோது, மைனி வாயைத் திறப்பதற்குள் துணைக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அதற்கு முந்திய வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பேர் விடும் நாள் வருவதற்கு முன்பே போய்விட்டது. எங்களில் பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆண்கள் மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். மைனி பிள்ளை பெற்ற அறையிலேயே கிடந்தாள். எங்கே வைத்தார்கள் என்று பெற்றவள் கேட்கக் கூடாது, கேட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மைனி ஒரே ஒரு தடவை அண்ணனிடம் கேட்டாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு பேரும் உப்பு, புளி, விறகு பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். மாதாவிடம் வேண்டிக்கொண்டால் அடுத்த பிள்ளை தங்கும் என்று டீச்சர் சொன்னார். சாமி எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று அம்மாவும் அனுப்பிவைத்தாள்.

முதல் நாளே மானம் போயிற்று. தென்காசி மாதாகோயில் வாசலில், சுவரோடு சேர்ந்த ஒரு கல் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. தீர்த்தம் இல்லாத கோயில் உண்டா? உள்ளங்கையைக் குழித்து மொண்டு குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். என்னைப் பார்த்து மைனியும் குடித்தாள். விரல் நுனியை நனைத்து நெற்றியில் சிலுவை போட வந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். மந்திரித்த தண்ணீர்தான், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ஊரே அதில் விரலை விட்டிருக்கிறது என்றார். மைனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். குழந்தை போனதற்கப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்காக இன்னொரு கை தண்ணீர்கூடக் குடித்திருப்பேன்.

உள்ளே எனக்குக் கண் கொள்ளவில்லை. எங்கள் கோயிலில் உள்ளே போகப் போக இருட்டும். இங்கே உள்ளே போகப் போக வெளிச்சம். ஜன்னல் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து கிடந்தன. அப்போது எங்கள் பெரிய கோயிலின் கோபுரம் மொட்டையாக நின்றது. வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டிய இந்தக் கோபுரம் மட்டும் முழுசாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைத்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. எங்கள் குருக்கள் சொல்வது மட்டும் புரிந்ததா என்ன? சாம்பிராணி வாசனை ஒன்றுதான். அது போதும் என்று கைகூப்பி உட்கார்ந்துவிட்டேன்.

ஓரத்தில், பின்னல் ஜன்னல் வைத்த மர அலமாரி ஒன்று நின்றது. அது என்ன என்று டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சாமியார் உட்காருவார், வெளியே நாம் முழங்காலிட்டு, செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும், முகம் தெரியாது என்றார். முகம் தெரியாத ஆளிடம் எப்படி மனசைத் திறப்பது என்று நான் வாதம் பண்ணினேன். மைனி அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டு, “முகம் தெரியாம இருந்தா சொல்லிரலாம்” என்றாள். எனக்கு அது விளங்கவில்லை.

ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் டீச்சர் எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அங்கே ஒரு சின்ன மாதாகோயிலுக்குப் போனோம். சீசனுக்கு வந்து தங்கிய வெள்ளைக்காரர்கள் பூசை காண்பதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. ஓட்டின் மேல் பாசி, சுவரெல்லாம் ஈரம். டீச்சர் உள்ளே செபமாலை சொல்ல உட்கார்ந்தார். நாங்கள் கும்பிட்டு முடித்துவிட்டோம். கும்பிட்டால் சுற்ற வேண்டாமா? இரண்டு பேரும் வெளியே வந்து, வலப்பக்கமாக, கோயிலை வலம் வர ஆரம்பித்தோம். பின்சுவர் மாடத்தில் எந்தச் சாமி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஒரே அவசரம்.

பின்சுவரில் மாடமும் இல்லை, சாமியும் இல்லை. ஒரு மாமரத்தடியில், அரிசிப்பெட்டி அளவுக்குக் கல்லால் கட்டிய ஒரு மேடைதான் இருந்தது. அதில் செதுக்கியிருந்த சிலுவையைப் பார்த்ததும் சமாதி என்று தெரிந்து நான் பின்னால் நகர்ந்தேன். கோயிலை ஒட்டியா சமாதி? மறுபடி குளிக்க வேண்டுமே என்றேன். மைனி நகரவில்லை. எழுத்து என்னவென்று படி என்றாள். குளிக்கத்தான் போகிறோம், படித்துவிட்டே குளிப்போம் என்று ஒரு குச்சியால் பாசியைச் சுரண்டினேன். இங்கிலீஷ் எழுத்து. ஒரு பெண் குழந்தையின் பேர். பிறந்த மாதமும் இறந்த மாதமும் ஒன்றே.

நான் படித்துச் சொன்னதைக் கேட்டு மைனி அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பேரு விட்டிருக்காங்க” என்றாள்.

எங்களைத் தேடிக்கொண்டு வந்த டீச்சருக்கு, நாங்கள் கோயிலைச் சுற்ற வந்தோம் என்றதும் முதலில் சிரிப்பு. அந்தக் கோயிலுக்குப் பின்னால் யாரும் வருவதே இல்லையாம். அப்புறம் மைனியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். தங்களில் பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் உடனே ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைத்துவிடுவார்களாம். பேர் இல்லாமல் அனுப்ப மாட்டார்களாம்.

அந்தச் சாரலில் வாராவாரம் குற்றாலத்துக்குப் போனோம். நான் மணியில் பொறித்திருந்த எழுத்தைப் படிக்க ஏணி கேட்டு, மாதாவுக்கு நீலத்துணி ஏன் என்று கேட்டு, டீச்சரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தேன். மைனி உள்ளே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே பின்பக்கம் போய்விடுவாள். தலையில் இருந்த பிச்சிப்பூவில் பாதியைக் கிள்ளி அந்தக் கல்லில் வைப்பாள். அடுத்த பிள்ளை வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட மாதிரியே எனக்குத் தெரியவில்லை. பின்னால் அறுபதுகளில், பூசை தமிழுக்கு வந்து சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பி நின்ற காலத்திலும், எந்த மாதாகோயிலுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த வருஷம் வந்ததுதான்.

இதற்குள் கடைத்தெருவில் யாரோ அண்ணனிடம் பற்றவைத்துவிட்டார்கள். உம் பெண்டாட்டி வேதத்தில் சேரப்போகிறாளாமே என்று. அடுத்த வாரம் நானும் வருகிறேன் என்று அவனும் கிளம்பிவிட்டான். இன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன். கோயிலுக்குள் அவன் வரவில்லை. மைனி பின்பக்கம் திரும்பியதும் பின்னாலேயே போனான். நானும் போனேன்.

வாடிய பூவை எடுத்துவிட்டு மைனி புதுப்பூ வைத்தாள். அண்ணன் குனிந்து கல்லில் இருந்ததைப் படித்தான். மறுபடியும் படித்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

“நம்ம பிள்ள சிற்றாத்தங்கரையில இருக்கா” என்றான். “மருதமரத்தடியில ஒரு கல்லு நட்டிருக்கேன். ஆபீஸுக்குப் போகையில சைக்கிள அங்கன நிறுத்திட்டுத்தான் போவேன்.”

மைனி நிமிர்ந்து பார்த்தாள். ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“சொன்னா நீ அங்கனயே போயி உக்காந்துருவன்னு பயந்தேன்.”

“இப்ப ஊரான் பிள்ளகிட்ட வந்து உக்காந்திருக்கேனே” என்றாள் மைனி.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அண்ணன் அழுவான் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. பாவி, இதை ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டா சாப்பிட்டாய் என்று அவன்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது.

டீச்சரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். தென்காசிக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஆற்றங்கரையில் இறங்கினோம். சாரல் தண்ணீர் கலங்கலாக ஓடியது. மருதமரத்தடியில் இருந்தது எழுத்து எதுவும் இல்லாத ஒரு சாதாரணக் கல். தெரியாதவர்கள் பார்த்தால் துணி துவைக்கத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்படிப்பட்ட கல். மைனி பிச்சிப்பூ முழுவதையும் தலையிலிருந்து எடுத்து அதில் வைத்தாள். பிறகு எழுந்து, மாதாகோயிலைச் சுற்றியது போலவே, அந்தக் கல்லை வலம் வந்தாள்.

“நான் அவளுக்கு ஒரு பேரு வச்சிருக்கேன்” என்றாள்.

“நானும் ஒண்ணு வச்சிருக்கேன்” என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று நான் படித்துறைப் பக்கம் நடந்துவிட்டேன். ஊரில் உள்ளதையெல்லாம் கேட்டுத் துளைத்த நான், அவர்கள் வைத்த அந்த இரண்டு பேரும் என்னவென்று மட்டும் அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.